பேடைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

பிரேக்கில் சத்தம் வந்தாலே பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்தோடு சாவியை நீட்டினால், பிரேக் பேடு மட்டும் மாற்றவேண்டிய காருக்கு, பேடு அழுத்திப் பிடிக்கும் டிஸ்க், பேடைத் தாங்கும் காலிப்பர் என்று பில் நீள்கிறது. சத்தம் எப்போது, எப்படி வருகிறது என்று கவனித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

காலையில் வண்டியை எடுத்ததும் கரகரத்து, நாலைந்து முறை பிரேக் போட்டதும் அடங்கிவிடும் சத்தத்துக்கு ஒரு பைசா செலவு வேண்டாம். டிஸ்க் வார்ப்பிரும்பு. ராத்திரி மழையிலோ பனியிலோ நனைந்தால் மேலே மெல்லிய துரு படியும். பேடு உரசியதும் போய்விடும். சடாரென்று அழுத்தி மிதிக்கும்போது பெடல் படபடவென்று அதிர்வதும் பழுதல்ல, ஏபிஎஸ் வேலை செய்கிறது.

நாள் முழுக்கக் கீச்சிட்டால் பேடைப் பார்க்க வேண்டும். பல பேடுகளில் சின்ன இரும்புத் தகடு ஒன்று இருக்கும். பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும்; நமக்கு எச்சரிக்கை தருவதற்கென்றே வைத்தது. புதுப் பேடின் கனம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். அலாய் வீல் இடுக்கில் செல்போன் டார்ச் அடித்தால் வெளிப்பக்கப் பேடு தெரியும். உள்பக்கத்துப் பேடு அதைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கக்கூடும் என்பதால், சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதே சரி. பேடு கனமாக இருந்தும் கீச்சிட்டால் தூசியாக இருக்கலாம். சுத்தம் செய்தாலே பெரும்பாலும் அடங்கும்.

இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம் வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். பேடு தீர்ந்து, அதன் முதுகுத் தகடு டிஸ்க்கைத் தின்றுகொண்டிருக்கலாம். அப்படியானால் டிஸ்க்கையும் மாற்றச் சொல்வது நியாயமாகவே இருக்கும். ஆனால் ஜல்லி ரோட்டில் போய்வந்த பிறகு, பிரேக் மிதிக்காமலே உரசல் கேட்டால், டிஸ்க்குக்கும் தகர மறைப்புக்கும் நடுவில் கல் சிக்கியிருக்கலாம். அதை எடுத்துவிட்டால் போதும்.

பிரேக் போடும்போது ஸ்டீயரிங் நடுங்கினால், பெரும்பாலும் டிஸ்க்கின் கனம் சீராக இல்லை என்று அர்த்தம். லேத்தில் கொடுத்துக் கடைந்தே சரிசெய்துவிடலாம். கனம் மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். “டிஸ்க் போயிடுச்சு சார்” என்றால், “அளந்து காட்டுங்க” என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

“காலிப்பர் ஜாம், புதுசு போடணும்” என்றாலும் உடனே தலையாட்ட வேண்டாம். காலிப்பர் நகரும் பின்கள் காய்ந்து இறுகியிருந்தால், துடைத்து கிரீஸ் வைத்தாலே வேலை முடிந்தது. சிறிய கார்களில் பின்சக்கரம் பெரும்பாலும் டிரம் பிரேக்தான். அதைக் கழற்றிப் பார்க்காமல், உள்ளே இருக்கும் லைனரை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

வேலை தொடங்குமுன் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். பொருள் விலையும் கூலியும் தனித்தனியாக இருக்கட்டும். புதுப் பேடு வந்த டப்பாவில் எம்ஆர்பி பாருங்கள். கழற்றிய பழைய பொருளையும் கேட்டு வாங்குங்கள். எம்ஆர்பிக்கு மேல் கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு சக்கரத்துக்குப் பேடு மாற்றினால், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாம்.