ரேடார் உணரி

ரேடார் உணரி என்பது, சாலையில் செல்லும் ஊர்திகளின் வேகத்தை அளப்பதற்காகக் காவல்துறையினர் பயன்படுத்தும் ரேடார் வேகமானி வெளியிடும் நுண்ணலைகளைக் கண்டறிந்து, ஓட்டுநருக்கு ஒலியாலும் ஒளியாலும் எச்சரிக்கை தரும் சிறு வானொலி வாங்கி ஆகும். இது பெரும்பாலும் ஊர்தியின் முன்கண்ணாடியில் பொருத்தப்படுகிறது. இது தானாக எந்த அலையையும் அனுப்பி வேகத்தை அளப்பதில்லை. பிறர் அனுப்பும் அலையைப் பெற்று அறிவிக்க மட்டுமே செய்கிறது. ரேடார் அலைகளைக் குழப்பும் ரேடார் தடுப்பான் இதிலிருந்து முற்றிலும் வேறான கருவியாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் பரவலாக விற்கப்படும் இக்கருவி சில நாடுகளில் முழுமையாகத் தடை செய்யப்பட்டுள்ளது. இந்தியச் சாலைகளில் இதன் பயன் மிகக் குறைவு. அதற்கான காரணங்களை அறிய, முதலில் வேகமானி செயற்படும் முறையை அறிதல் வேண்டும்.

வரலாறு

அலை மூலமும் அதைப் பெறுபவரும் ஒன்றையொன்று நெருங்கும்போதோ விலகும்போதோ அலையின் அதிர்வெண் மாறித் தோன்றும் என்பதை ஆசுத்திரிய இயற்பியலாளர் கிறித்தியான் டாப்ளர் 1842 இல் விளக்கினார். இது டாப்ளர் விளைவு எனப்படும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரேடார் நுட்பம் வளர்ந்தபின், அது சாலைகளுக்கும் வந்தது. 1947 இல் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தைச் சேர்ந்த கிளாசுடன்பரி நகரில் ரேடார் வேகமானி போக்குவரத்துக் கண்காணிப்புக்குப் பயன்படுத்தப்பட்டது.

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு 1974 இல் அமெரிக்கா முழுமைக்கும் மணிக்கு 55 மைல் (சுமார் 89 கி.மீ) என்ற வேக வரம்பு விதிக்கப்பட்டது. பழகிய வேகத்தைக் குறைக்க விரும்பாத ஓட்டுநர்களிடையே ரேடார் உணரிக்குப் பெரும் தேவை எழுந்தது. 1978 இல் வெளிவந்த எசுகார்ட் என்னும் உணரி, மீக்கலப்பு வாங்கி முறையைப் பயன்படுத்தி, அதற்கு முந்தைய கருவிகளைவிட வெகு தொலைவிலிருந்தே அலையை உணர்ந்தது. 1995 இல் நாடு தழுவிய வேக வரம்பு நீக்கப்பட்ட பின்னரும் இக்கருவிகளின் விற்பனை தொடர்ந்தது.

வேகமானி செயற்படும் முறை

ரேடார் வேகமானி குறிப்பிட்ட அதிர்வெண் கொண்ட நுண்ணலையை ஊர்தியை நோக்கி அனுப்புகிறது. ஊர்தியின் உலோகப் பரப்பில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண், அனுப்பிய அலையின் அதிர்வெண்ணிலிருந்து சற்று வேறுபடும். இவ்வேறுபாடு ஊர்தியின் வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எடுத்துக்காட்டாக, 24.15 கிகா ஏர்ட்சு அதிர்வெண்ணில் இயங்கும் வேகமானியை நோக்கி மணிக்கு 100 கி.மீ வேகத்தில் வரும் மகிழுந்து, ஏறத்தாழ 4,470 ஏர்ட்சு வேறுபாட்டை உண்டாக்கும். அதாவது, மணிக்கு ஒரு கி.மீ வேகத்துக்குச் சுமார் 44.7 ஏர்ட்சு. கருவி இவ்வேறுபாட்டை எண்ணி, வேகமாக மாற்றித் திரையில் காட்டுகிறது.

சாலையோரத்தில் நிற்கும் வேகமானி, ஊர்தி செல்லும் திசைக்குச் சற்றுச் சாய்வாகவே பார்க்கிறது. ஆகையால் அது காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிடச் சிறிது குறைவாக இருக்கும். சாய்வு 10 பாகையானால் 100 கி.மீ வேகம் 98.5 ஆகவும், 20 பாகையானால் 94 ஆகவும் தோன்றும். இது கொசைன் விளைவு எனப்படும். நிலையாக நிற்கும் கருவியில் இப்பிழை ஓட்டுநருக்குச் சாதகமாகவே அமைகிறது.

அதிர்வெண் பட்டைகள்

சாலை வேகமானிகள் பின்வரும் பட்டைகளில் இயங்குகின்றன:

* எக்ஸ் பட்டை: 10.525 கிகா ஏர்ட்சு. மிகப் பழையது, இன்று அரிதாகவே பயன்படுகிறது.
* கே பட்டை: 24.125 அல்லது 24.150 கிகா ஏர்ட்சு.
* கேஏ பட்டை: 33.4 முதல் 36.0 கிகா ஏர்ட்சு வரை.

இவை தவிர, சுமார் 905 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர் துடிப்புகளைக் கொண்டு இயங்கும் வேகமானிகளும் உள்ளன. லேசர் வேகமானி டாப்ளர் விளைவைப் பயன்படுத்துவதில்லை. அடுத்தடுத்து அனுப்பும் துடிப்புகள் ஊர்தியில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை அளந்து, தொலைவு குறையும் விரைவிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறது.

உணரி செயற்படும் முறை

ரேடார் அலை வேகமானியிலிருந்து ஊர்திக்குச் சென்று, அங்கிருந்து சிதறி, மீண்டும் வேகமானிக்குத் திரும்ப வேண்டும். இருவழிப் பயணத்தில் அலையின் வலிமை, தொலைவின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. உணரிக்கோ அலை ஒருவழி வந்தாலே போதும். அங்கு வலிமை தொலைவின் இரண்டாம் அடுக்குக்கு ஏற்பவே குறைகிறது. ஆகவே, வேகமானி சில நூறு மீட்டருக்குள் மட்டுமே அளக்க இயலும் நிலையில், உணரி அதே அலையை ஒரு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து அறியக்கூடும். உணரியின் பயன் முழுவதும் இவ்வேறுபாட்டையே சார்ந்துள்ளது.

உணரியின் உள்ளே ஒரு சிறு அலையியற்றி உண்டு. வந்த அலையுடன் அதன் அலையைக் கலந்து, கையாள எளிதான தாழ்ந்த அதிர்வெண்ணாக மாற்றி, பட்டைகளை ஒவ்வொன்றாகத் துழாவுகிறது. இந்த அலையியற்றியிலிருந்து சிறிதளவு அலை வெளியே கசியும். அக்கசிவைக் கொண்டு உணரி இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் கருவிகளும் காவல்துறையினருக்காக உருவாக்கப்பட்டுள்ளன.

எல்லைகள்

ரேடார் உணரி எல்லா வேளைகளிலும் எச்சரிக்கை தருவதில்லை.

* உடன் இயக்கம்: வேகமானியை அணைத்து வைத்திருந்து, ஊர்தி அருகில் வந்தவுடன் இயக்கினால் உணரி ஒலிப்பதற்குள் வேகம் அளக்கப்பட்டுவிடும். முன்னால் செல்லும் வேறு ஊர்தி அளக்கப்படும்போது சிதறும் அலை மட்டுமே முன்னெச்சரிக்கை தரக்கூடும்.
* லேசர்: ரேடார் கற்றை விரிந்து பரவும். லேசர் கற்றையோ 300 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமே இருக்கும். அது உணரியில் படும் வேளை பெரும்பாலும் வேகம் அளக்கப்பட்டுவிட்ட வேளையாகும்.
* சராசரி வேகக் கண்காணிப்பு: இரு இடங்களில் எண்பலகையைப் படம்பிடித்து, இடைப்பட்ட தொலைவை நேரத்தால் வகுத்து வேகம் கணக்கிடப்படுகிறது. இதில் உணரி பெறுவதற்கு ரேடார் அலை எதுவும் இல்லை.
* பொய் எச்சரிக்கை: கடைகளின் தானியங்கிக் கதவுகளும், சில மகிழுந்துகளில் பக்கவாட்டு ஊர்திகளை அறிவிக்கும் 24 கிகா ஏர்ட்சு உணரிகளும் இதே பட்டைகளைப் பயன்படுத்துவதால் உணரி வீணாக ஒலிக்கும்.

தேர்வும் பயன்பாடும்

சட்டம் இசைவளிக்கும் நாடுகளில் உணரியைத் தேர்வோர் பின்வருவனவற்றைக் கருதுகின்றனர்:

* அப்பகுதிக் காவல்துறையினர் பயன்படுத்தும் பட்டையை அக்கருவி உணர்கிறதா என்பது. லேசரே வழக்கிலுள்ள இடத்தில் ரேடார் உணரியால் பயனில்லை.
* உணர்திறன், பொய் எச்சரிக்கையைப் பிரித்தறியும் திறன் ஆகிய இரண்டும். ஓயாமல் ஒலிக்கும் கருவியை ஓட்டுநர் விரைவில் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார்.
* புவியிடங்காட்டி வசதி. நிலையான பொய் மூலங்களின் இடங்களைப் பதிந்துவைத்து, அடுத்த முறை ஒலிக்காதிருக்க இது உதவுகிறது.

கருவி சாலையை நேராகப் பார்க்கும்படி, கிடைமட்டமாகப் பொருத்தப்பட வேண்டும். உலோகப் பூச்சுள்ள கண்ணாடி நுண்ணலையைத் தடுக்கும். ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் இடத்திலும், விபத்தின்போது காற்றுப்பை விரியும் இடத்திலும் இதனைப் பொருத்துதல் ஆகாது.

சட்ட நிலை

ஐக்கிய அமெரிக்காவில் தனியார் மகிழுந்துகளில் இதன் பயன்பாட்டை வர்சீனியா மாநிலமும் வாசிங்டன் தலைநகரப் பகுதியும் தடை செய்துள்ளன. 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட எடையுள்ள, மாநிலங்களுக்கிடையே செல்லும் வணிக ஊர்திகளில் இது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. கனடாவில் பிரித்தானியக் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சசுகாச்சுவான் ஆகிய மாகாணங்களில் இசைவு உண்டு. தமிழர் மிகுதியாக வாழும் ஒன்ராறியோவில் தடை உள்ளது. செருமனி, சுவிட்சர்லாந்து, சிங்கப்பூர் ஆகிய நாடுகளும் தடை செய்துள்ளன. ஐக்கிய இராச்சியத்தில் 1998 ஆம் ஆண்டின் தீர்ப்புக்குப் பின் உணரியைப் பயன்படுத்துவது குற்றமாகக் கருதப்படுவதில்லை.

இந்தியாவில் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ரேடார் உணரியைப் பெயர் குறிப்பிட்டுத் தடை செய்யவில்லை. எனினும் கம்பியில்லாக் கருவிகளை வைத்திருப்பதற்கு உரிமம் வேண்டும் என 1933 ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் கூறியது. வானொலிக் கருவியை வைத்திருக்க அரசின் இசைவு தேவை என்னும் இக்கொள்கை, 2023 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. ஆகவே, பெயர் சொல்லித் தடை இல்லை என்பதனால் இக்கருவிக்குத் தடையே இல்லை என முடிவு செய்தல் தவறாகும்.

தமிழ்நாட்டில் வேகக் கண்காணிப்பு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 112 ஆம் பிரிவு வேக வரம்பை மீறுதலைத் தடுக்கிறது. 183 ஆம் பிரிவு தண்டனை கூறுகிறது. 2019 ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி இலகுரக ஊர்திக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், நடுத்தர, கனரக ஊர்திகளுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் தண்டம் விதிக்கப்படும். இதே திருத்தம் மின்னணுக் கண்காணிப்புக்கான 136அ பிரிவையும் சேர்த்தது. அதன்படி 2021 இல் வெளியான விதிகள், கண்காணிப்புக் கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும் என்றும், கண்காணிக்கப்படும் சாலைப் பகுதிக்கு முன்னரே எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட வேண்டும் என்றும் கூறுகின்றன. ரேடார் வேகமானிகள் எடையளவுச் சட்டத்தின்கீழ்ச் சரிபார்த்து முத்திரையிடப்பட வேண்டும் என்ற விதி 2025 இல் அறிவிக்கப்பட்டது. எனவே அளவீட்டில் ஐயம் கொள்ளும் ஓட்டுநருக்கு, கருவியின் சான்றிதழே சட்டப்படியான வினாவுக்கு இடமளிக்கிறது.

2018 இல் நடுவண் அரசு நடுத்தடுப்புள்ள நான்குவழிச் சாலைகளில் மகிழுந்துகளுக்கான உச்ச வேகத்தை மணிக்கு 100 கி.மீ ஆக உயர்த்தியது. விபத்துகளுக்கு மிகுவேகமே முதன்மைக் காரணம் எனக் கருதிய சென்னை உயர் நீதிமன்றம், 2021 இல் அவ்வறிவிப்பை நீக்கி, வேகத்தைக் குறைத்துப் புதிய அறிவிப்பு வெளியிடப் பணித்தது. ஓட்டுநர் பின்பற்ற வேண்டியது அந்தந்தச் சாலையில் நடப்பட்டுள்ள பலகையின் எண்ணையே ஆகும்.

கள்ளக்குறிச்சிப் பகுதி

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், விழுப்புரம் - திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையும் சேலம் நெடுஞ்சாலையும் உளுந்தூர்ப்பேட்டையில் சந்திக்கின்றன. சேலம் சாலை தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வழியாகச் செல்கிறது. அச்சாலை நான்குவழியாக்கப்பட்டபோது ஊர்ப் புறவழிச்சாலைகள் பல இருவழியாகவே அமைக்கப்பட்டன. அகன்ற சாலையில் விரைந்து வந்த ஊர்தி, அதே வேகத்தில் குறுகிய பகுதிக்குள் நுழைவது நேருக்கு நேர் மோதலுக்கு வழிவகுக்கும். களமருதூர் போன்ற சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து வரும் மிதிவண்டிகளும் இழுவை இயந்திரங்களும் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியுள்ளது.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைப்பாதையில் நிலைமை வேறு. நுண்ணலை நேர்கோட்டில் செல்வதால், வளைவுகள் அடுத்தடுத்து வரும் பாதையில் வேகமானியாலும் தொலைவில் அளக்க இயலாது. உணரியாலும் முன்னரே அறிய இயலாது. அங்கே எச்சரிக்கையாக அமைவன வளைவுப் பலகையும் ஒலிப்பானுமே.

இந்தியச் சாலைகளில் ரோந்து ஊர்திகளில் லேசர் வேகமானி பொருத்தப்படுவது பரவலாக உள்ளது. எனவே அயல்நாட்டிலிருந்து வாங்கிவரப்படும் ரேடார் உணரி இங்குப் பெரும்பாலும் வாளாவிருக்கும். எதிரே வரும் ஊர்தி முகப்பு விளக்கைச் சிமிட்டிக் காவலர் நிற்பதைத் தெரிவிக்கும் வழக்கமே இங்கு உணரியின் இடத்தைப் பெற்றுள்ளது.

வேகமும் நிறுத்தத் தொலைவும்

உணரி தண்டத்திலிருந்து தப்ப உதவக்கூடும்; வேகத்தின் விளைவிலிருந்து தப்ப உதவாது. ஓட்டுநர் இடரைக் கண்டு தடையை அழுத்த 1.5 நொடி ஆகும் எனவும், சாலை உலர்ந்து நல்ல பிடிமானத்துடன் (உராய்வுக் கெழு 0.7) உள்ளது எனவும் கொண்டால், ஊர்தி முழுமையாக நிற்கத் தேவையான தொலைவு:

* மணிக்கு 60 கி.மீ: சுமார் 45 மீட்டர்
* மணிக்கு 80 கி.மீ: சுமார் 69 மீட்டர்
* மணிக்கு 100 கி.மீ: சுமார் 98 மீட்டர்

60 கி.மீ வேகத்தில் முழுமையாக நின்றுவிடக்கூடிய 45 மீட்டர் தொலைவில், 100 கி.மீ வேகத்தில் செல்லும் ஓட்டுநர் தடையை அழுத்தத் தொடங்கி மூன்று மீட்டரே கடந்திருப்பார். ஊர்தியின் வேகம் ஏறத்தாழக் குறையாமலே இருக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், மோதலின் கடுமையும் அவ்வாறே மிகுகிறது. உணரி ஒலித்ததும் திடீரெனத் தடையை அழுத்துவதும் பின்னால் வரும் ஊர்திக்கு இடராகும்.

மாற்று வழிகள்

வேக வரம்பை அறியாமல் மீறுவோருக்கு எளிய வழிகள் உள்ளன. திறன்பேசி நிலப்படச் செயலிகள் சில, ஊர்தியின் வேகத்தையும் பதிவாகியுள்ள வேகக் கண்காணிப்பு இடங்களையும் அறிவிக்கின்றன. குறித்த வேகத்தைத் தாண்டினால் ஒலி எழுப்பும் எச்சரிக்கை அமைப்பு, 2019 சூலை முதல் இந்தியாவில் தயாரிக்கப்படும் மகிழுந்துகளில் கட்டாயமாக்கப்பட்டது. இது மணிக்கு 80 கி.மீ வேகத்தைத் தாண்டியதும் விட்டுவிட்டும், 120 கி.மீ வேகத்தைத் தாண்டியதும் தொடர்ந்தும் ஒலிக்கும். ரேடார் உணரி காவலர் அருகில் உள்ளாரா என்பதை அறிவிக்கிறது. இவ்வமைப்போ ஓட்டுநரின் வேகத்தையே அவருக்கு அறிவிக்கிறது.

இவற்றையும் பார்க்க

* டாப்ளர் விளைவு
* ரேடார்
* லேசர்
* சாலைப் பாதுகாப்பு
* கள்ளக்குறிச்சி மாவட்டம்