மெம்பிஸ்: கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பாடிய ஊர்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரை மேட்டில் இருக்கிறது மெம்பிஸ். 1819-ல் ஊரை அமைத்தவர்கள், நைல் நதிக்கரையில் இருந்த எகிப்தின் பழைய தலைநகரின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். ஆற்றில் நீராவிப் படகுகளும் கரையில் பருத்தி மூட்டைகளுமாக ஊர் செழித்தது. அந்தப் பருத்தியைப் பறித்தவர்கள் கறுப்பின அடிமைகள். அடிமைமுறை ஒழிந்த பிறகும் வாரத்துக்கு உழுது, கடனில் மூழ்கி, அதே வயல்களில் கிடந்தவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். வயலிலும் தேவாலயத்திலும் அவர்கள் பாடிய பாட்டுதான் பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவர்களோடு மெம்பிஸுக்கும் வந்து ப்ளூஸ் ஆனது. பிறகு ராக் அண்ட் ரோலுக்கும் சோல் இசைக்கும் வேரானது.

முதலில் பீல் தெரு. டபிள்யூ. சி. ஹேண்டி என்ற ட்ரம்பெட் கலைஞர் இங்கே இருந்துகொண்டுதான் 1912-ல் ‘மெம்பிஸ் ப்ளூஸ்’ பாட்டை அச்சிட்டு விற்றார். ப்ளூஸை அவர் கண்டுபிடிக்கவில்லை. வாய்மொழியாக அலைந்துகொண்டிருந்த ஒரு பாணியைத் தாளில் எழுதிக் கடைக்குக் கொண்டுவந்தார். 1940-களின் இறுதியில் மிசிசிப்பியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் உள்ளூர் வானொலியில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ‘பீல் ஸ்ட்ரீட் ப்ளூஸ் பாய்’ என்று அவரை அழைத்தார்கள். அது சுருங்கி ‘பி. பி.’ ஆனது. அவர்தான் பி. பி. கிங். இன்றைய பீல் தெருவில் நியான் விளக்கும் மதுக்கூடங்களும்தான் அதிகம். 1970-களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் சுற்றுவட்டாரத்தை இடித்துத் தள்ளிவிட்டு, பிறகு சுற்றுலாவுக்காகத் திரும்பக் கட்டிய தெரு இது. ஆனாலும் இரவில் வாசலுக்கு வாசல் நேரடி வாத்தியச் சத்தம் கேட்கிறது. 1876-ல் தொடங்கிய ஏ. ஷ்வாப் கடையும் இன்னும் திறந்திருக்கிறது.

அங்கிருந்து சிறிது தூரத்தில், யூனியன் அவென்யூ 706-ஆம் எண்ணில், சன் ஸ்டுடியோ. சாம் பிலிப்ஸ் 1950-ல் தொடங்கியது. உள்ளே ஒரு சின்ன அறை, சுவரிலும் கூரையிலும் ஒலியை அடக்கும் பழைய ஓடுகள், அவ்வளவுதான். எல்விஸ் பிரெஸ்லி நின்று பாடியதாகச் சொல்லப்படும் இடத்தில் தரையில் ஒரு குறி இருக்கிறது; வருகிறவர்கள் அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1953-ல் பதினெட்டு வயதுப் பையனாக வந்த எல்விஸ், நான்கு டாலருக்கும் குறைவான கட்டணம் கொடுத்து இரண்டு பாட்டை இசைத்தட்டில் பதிந்துகொண்டு போனார். அடுத்த ஆண்டு ஜூலையில் பிலிப்ஸ் அவரைக் கூப்பிட்டுப் பாடவைத்தபோது எதுவும் சரியாக அமையவில்லை. இடைவேளையில் எல்விஸ் விளையாட்டாக ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பினக் கலைஞரின் பழைய ப்ளூஸ் பாட்டு ஒன்றை வேகமாகப் பாட, பிலிப்ஸ் ஓடிவந்து முதலிலிருந்து பாடச் சொன்னார்.

சில நாளில் அந்தப் பாட்டு மெம்பிஸ் வானொலியில் ஒலித்தது. பேட்டிக்கு அழைத்த அறிவிப்பாளர் எல்விஸிடம் எந்த உயர்நிலைப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டார். காரணம் வேறொன்றுமில்லை. அன்றைக்குக் கறுப்பருக்கு ஒரு பள்ளி, வெள்ளையருக்கு ஒரு பள்ளி. பள்ளியின் பெயரைச் சொன்னால் பாடியவன் வெள்ளைப் பையன் என்று கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும். பாட்டைக் கேட்டவர்களில் பலர் கறுப்பர் பாடுவதாக நினைத்திருந்தார்கள்.

இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டு தெற்கு மெம்பிஸில் மெக்லமோர் அவென்யூவுக்குப் போக வேண்டும். ஜிம் ஸ்டூவர்ட், அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் என்ற வெள்ளையர் இருவர், மூடிக்கிடந்த ஒரு சினிமாக் கொட்டகையை 1960-ல் வாடகைக்கு எடுத்தார்கள். இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, சரிவான தரையை அப்படியே விட்டு, பாட்டுப் பதிவு செய்தார்கள். முன்னால் பாப்கார்ன் விற்ற இடத்தில் எஸ்டெல் இசைத்தட்டுக் கடை போட்டார். அக்கம்பக்கத்துக் கறுப்பினப் பிள்ளைகள் கடைக்கு வந்தார்கள்; வந்தவர்களில் சிலர் உள்ளே போய் வாசித்தார்கள். இதுதான் ஸ்டாக்ஸ் நிறுவனம். வெளியே ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாத கறுப்பரும் வெள்ளையரும் உள்ளே ஒரே குழுவாக வாசித்தார்கள். புக்கர் டி அண்ட் த எம்.ஜி.ஸ் அப்படிப்பட்ட குழு. 1962-ல் வேறொரு கிட்டார் கலைஞரைக் காரில் ஓட்டிவந்த ஒருவர், கடைசியில் மிஞ்சிய நேரத்தில் தனக்கும் வாய்ப்புக் கேட்டுப் பாடினார். அவர் ஓட்டிஸ் ரெடிங்.

1975-ல் ஸ்டாக்ஸ் திவாலானது. 1989-ல் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே நிற்பது அதே இடத்தில் அதே வடிவில் கட்டி 2003-ல் திறந்த அருங்காட்சியகம். மிசிசிப்பி டெல்டாவில் இருந்த நூறாண்டுப் பழமையான மரத் தேவாலயம் ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்து உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாம் இங்கிருந்துதான் தொடங்கியது என்பதைப் பக்கம் பக்கமாக எழுதாமல் சொல்லும் வழி அது. ஸ்டாக்ஸ் பாடகர் ஐசக் ஹேய்ஸின் கெடிலாக் காரும் இருக்கிறது: தங்க முலாம், உள்ளே வெள்ளை ரோம விரிப்பு. பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் வறுமையில் வளர்ந்து பருத்தி பறித்த கை வாங்கிய கார் அது.

ஸ்டாக்ஸ் கலைஞர்கள் தங்கிய விடுதி லொரைன் மோட்டல். கறுப்பர்களுக்கு நல்ல அறை கிடைத்த இடங்களில் அதுவும் ஒன்று. பாடகர் வில்சன் பிக்கெட்டும் வெள்ளைக் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பரும் ஒரு புகழ்பெற்ற பாட்டை அங்கே உட்கார்ந்துதான் எழுதினார்கள்.

அதே விடுதிதான் பிறகு ஒரு துயரத்துக்கும் சாட்சியானது. 1968 பிப்ரவரி 1 அன்று இந்த ஊரில் மழைக்காகக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய இரண்டு தூய்மைப் பணியாளர்கள், லாரியின் அழுத்தும் இயந்திரத்தில் சிக்கி இறந்தார்கள். அதைத் தொடர்ந்து சுமார் 1,300 பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ‘நான் மனிதன்’ என்ற பொருளில் அட்டை தாங்கி நடந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4 மாலை லொரைன் மோட்டலின் 306-ஆம் அறை வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1959-ல் காந்தியின் நாட்டைப் பார்க்கக் கன்னியாகுமரி வரை வந்துபோன அதே கிங். மோட்டல் இன்று தேசியக் குடிமை உரிமைகள் அருங்காட்சியகம், 1991-ல் திறந்தது. வாசலில் அக்காலத்துக் கார்கள், மாடிக் கைப்பிடியில் ஒரு மலர் வளையம். அறையைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். கலையாத ஒரு கட்டிலும் கலைந்த ஒரு கட்டிலும் தெரியும்.

கூட்டம் என்னவோ கிரேஸ்லேண்டில்தான். எல்விஸ் தன் 22-ஆம் வயதில், 1957-ல் வாங்கிய மாளிகை. 1977-ல் இறந்ததும் அங்கேதான். கல்லறையும் தோட்டத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஐந்து லட்சம் பேருக்குமேல் வருகிறார்கள். கூரையில்கூடப் பச்சைக் கம்பளம் ஒட்டிய ‘காட்டு அறை’யைப் பார்க்கலாம்; மாடிக்கு யாரையும் விடுவதில்லை. நுழைவுக் கட்டணம் அதிகம். ரசிகர்களுக்கு அது பொருட்டில்லை, மற்றவர்கள் யோசித்துப் போகலாம்.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு பீபாடி ஓட்டல் உண்டு. தினமும் காலை 11 மணிக்கு ஐந்து வாத்துகள் மொட்டை மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கி, சிவப்புக் கம்பளத்தில் நடந்து, கூடத்து நீரூற்றில் குதிக்கின்றன. மாலை 5-க்குத் திரும்புகின்றன. அந்த ஓட்டலில் வாத்துக்கறி பரிமாறுவதில்லை.

ஆற்றங்கரையில் நிற்கும் சிலை டாம் லீ என்ற கறுப்பினத் தொழிலாளியுடையது. 1925-ல் கவிழ்ந்த நீராவிப் படகிலிருந்து 32 பேரைத் தன் சிறு படகில் ஏற்றிக் காப்பாற்றியவர். அவருக்கு நீச்சல் தெரியாது. ஆற்றோரப் பூங்காவுக்கு அவர் பெயர்தான். பக்கத்துப் பழைய ரயில் பாலத்தின் ஓரமாக 2016-ல் நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் ஆற்றைக் கடந்து ஆர்கன்சா மாநிலத்துக்கே போய்விடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்தால், சோல் பாடகர் அல் கிரீன் 1976-ல் தொடங்கிய ஃபுல் காஸ்பல் டேபர்னகிள் தேவாலயத்துக்குப் போகலாம். அவர் எல்லா வாரமும் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் பாட்டு இருக்கும். அது கச்சேரி மேடையல்ல, மக்கள் வழிபடும் இடம். கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, பாதியில் எழுந்து வராமல், முழுதாக இருந்து கேட்டுவிட்டு வாருங்கள்.