ஸ்டாப்னா ஸ்டாப்தான் பாஸ்!

மண்ணூர் பஸ் ஸ்டாப்ல காலைல 7 மணிக்கு நின்னு பார்த்திருக்கீங்களா? ஒரு பக்கம் ஒரகடம் ஷிஃப்ட்டுக்குப் பறக்குற கம்பெனி பஸ், இன்னொரு பக்கம் காலேஜ் பஸ். நடுவுல காக்கி யூனிஃபார்ம்ல விறைப்பா நாலு என்.சி.சி. பசங்க. "இன்னிக்கு ஃபயரிங் மச்சி!" முகம் முழுக்க சிரிப்பு. இருக்காதா பின்னே? கேம்ப்ல உப்புமா சாப்பிட்டு, வெயில்ல பரேடு போட்டதெல்லாம் அந்த அஞ்சு தோட்டாவுக்காகத்தானே!

துப்பாக்கி சுடுதல்னா நம்ம பசங்களுக்கு இப்போ தனி கிரேஸ். சென்னையில பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல வெண்கலம் வாங்கினார். நடிகர் அஜித் 2021 மாநிலப் போட்டியில ஆறு பதக்கம் அள்ளினார். 2024 பாரிஸ்ல மனு பாக்கர் ரெண்டு பதக்கம். புதுக்கோட்டை மன்னர் குடும்பத்து பிருத்விராஜ் தொண்டைமானும் பாரிஸ்ல களம் இறங்கினார்.

ஆனா புதுக்கோட்டைன்னு சொன்னதும் எனக்கு ஞாபகம் வர்றது வேற ஒண்ணு.

2021 டிசம்பர் 30. நார்த்தாமலை பக்கத்துல உள்ள சுடுதளத்துல மத்திய தொழில் பாதுகாப்புப் படை வீரர்கள் பயிற்சியில இருந்தாங்க. கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டுல இருந்தான் 11 வயசுப் பையன் ஒருத்தன். பறந்து வந்த தோட்டா அவன் தலையில பாய்ஞ்சது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில ஆபரேஷன் பண்ணியும் 2022 ஜனவரி 3-ம் தேதி இறந்துட்டான். ஊர் மக்கள் ரோட்டுல உட்கார்ந்தாங்க, தளத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்துச்சு, அரசு 10 லட்சம் நிவாரணம் அறிவிச்சது. அதே ஜனவரியில பெரம்பலூர் மாவட்டத்துலயும் ஒரு வீட்டுக் கூரையைத் துளைச்சுக்கிட்டு ஒரு தோட்டா இறங்குச்சு. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல.

'ரெண்டு கிலோமீட்டரா?'ன்னு வாயைப் பொளக்காதீங்க. நீங்க கேம்ப்ல சுடுற பாயின்ட் 22 ரைஃபிள் இருக்கே, பார்க்க சாது. அதோட குட்டித் தோட்டாவே தடுக்க எதுவும் இல்லைன்னா ஒன்றரை கிலோமீட்டர் தாண்டும். போலீஸ், ராணுவ ரைஃபிள்னா கேட்கவே வேணாம். அதனாலதான் டார்கெட்டுக்குப் பின்னாடி மண்மேடு, அதுக்கும் பின்னாடி மலை, ஏறினா 'உள்ளே வராதே'ன்னு சொல்ற சிவப்புக் கொடி.

சரி, ரேஞ்சுல ஒருத்தர் ரூல்ஸை மீறினா என்ன பண்ணணும்? மன்னிச்சு விடலாமா, வெளிய அனுப்பலாமா?

உலக துப்பாக்கி சுடுதல் சம்மேளனம் இதுக்கு அட்டை வெச்சிருக்கு. மஞ்சள்னா எச்சரிக்கை, பச்சைன்னா 2 புள்ளி கட், சிவப்புன்னா மூட்டையைக் கட்டு! ஆனா பாதுகாப்புன்னு வந்துட்டா படிப்படியா ஏறிக்கிட்டு இருக்கத் தேவையில்லை. 'லோட்'னு சொல்றதுக்கு முன்னாடியோ 'அன்லோட்' சொன்ன பிறகோ ஒரு குண்டு வெடிச்சா, நேரா சிவப்பு காட்டி அனுப்பிடலாம். 'ஸ்டாப்' சொன்னா எல்லா விரலும் டிரிகரை விட்டு வெளிய வரணும். ஒலிம்பிக் சாம்பியனா இருந்தாலும் அதேதான்.

இங்கதான் நம்ம ஊர் சிக்கல் ஆரம்பிக்குது. ஜூனியர் துப்பாக்கியை லேசா பக்கத்துல திருப்பினா கத்தித் தீர்க்கிறோம். அதையே சீனியரோ ஆபீசரோ பண்ணினா? "சாருக்குத் தெரியாததா"ன்னு பல்லை இளிக்கிறோம். என்னைக் கேட்டா, அனுபவஸ்தன் பண்ணினா டபுள் தண்டனை தரணும். தெரியாம பண்ணினவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், தெரிஞ்சும் அலட்சியமா இருக்கிறவனுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுக்கிறது? முதல் வேலை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்: துப்பாக்கியைக் கீழ வைக்கச் சொல்லி, ஆளைத் தள்ளி நிறுத்து. விசாரணை, அட்வைஸ், கோபம் எல்லாம் அப்புறம்.

அதுக்கு அடுத்த வேலையைத்தான் பல இடத்துல பண்றதே இல்லை. எழுதி வைக்கிறது! யாருக்கும் அடிபடாத தப்பை யாரும் எழுதுறதில்லை. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் இன்டர்ன்ஷிப் போனவங்களுக்கு 'நியர் மிஸ்'னா என்னன்னு தெரியும். மேலேர்ந்து ஸ்பேனர் விழுந்து, யார் தலையிலயும் படலைன்னாலும் அதுக்கு ஒரு ஃபார்ம் உண்டு. ஆபத்துன்னு பட்டா கடைக்கோடி டிரெய்னிகூட லைனை நிறுத்தலாம்ங்கிறதுதான் டொயோட்டா உலகத்துக்குக் கத்துக்கொடுத்த பாடம். (நிஜமாவே நிறுத்தினா சூப்பர்வைசர் எப்படி முறைப்பார்னு நீங்கதான் சொல்லணும்!)

எழுதி வெச்சு என்ன ஆகப்போகுதுன்னு கேட்டா, 2021 அக்டோபர்ல அமெரிக்காவுல 'ரஸ்ட்' படத்தோட ஷூட்டிங்ல நடந்ததைப் பாருங்க. நடிகர் கையில இருந்த துப்பாக்கி வெடிச்சு பெண் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்துபோனார். அதுக்குச் சில நாள் முன்னாடியே அதே செட்டுல ரெண்டு தடவை துப்பாக்கி எதிர்பாராம வெடிச்சிருக்கு. நிர்வாகம் கண்டுக்கலைன்னு சொல்லித்தான் நியூ மெக்ஸிகோ மாநிலம் அபராதம் போட்டுச்சு. ஆயுதங்களுக்குப் பொறுப்பா இருந்த பொண்ணுக்கு 2024-ல 18 மாசம் சிறை. அந்த முதல் ரெண்டு தடவையில யாராவது "ஷூட்டிங் கேன்சல்"னு சொல்லியிருந்தா?

இன்னொண்ணும் இருக்கு. சுட்ட ஆளை மட்டும் வெளிய அனுப்பிட்டா கணக்கு முடிஞ்சதா? 2014-ல அரிசோனாவுல ஒரு டூரிஸ்ட் ரேஞ்சுல 9 வயசுச் சிறுமி கையில ஊசி சப்-மெஷின் கன்னைக் கொடுத்தாங்க. அது துள்ளி எகிறியதுல பக்கத்துல நின்ன பயிற்சியாளரே பலி. அந்தக் குழந்தைக்கா சிவப்பு அட்டை காட்டுவீங்க? தோட்டா ஊருக்குள்ள போகுதுன்னா குறி தப்பினவரை மட்டும் பிடிச்சா போதாது. மண்மேட்டோட உயரம், சுவர், கொடி, சுத்தி இருக்கிற ஊருக்கு முன்கூட்டியே தகவல் போச்சா, எல்லாத்தையும் கேட்கணும். குறி தப்புறது சகஜம். தப்பினதைப் பிடிக்கத்தானே மேடு?

அடுத்த தடவை ஃபயரிங்குக்கு வேன் ஏறுறப்போ இன்ஸ்ட்ரக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சார், அந்த மேட்டுக்குப் பின்னாடி எந்த ஊர் இருக்கு?"