38 சதவிகிதப் புள்ளிகள் குறைந்தது... ஆனால் திட்டத்தால் அல்ல! கேம்டன் நகரம் சொல்லும் கணக்கு

‘திட்டம் வந்த பிறகு மருத்துவமனையில் அட்மிட் ஆவோர் எண்ணிக்கை குறைந்தது’ - இப்படி ஒரு வரியை அடிக்கடி படித்திருப்பீர்கள். சரி, குறைந்தது. ஆனால், அது திட்டத்தால்தான் குறைந்ததா? இதைக் கண்டுபிடிப்பதுதான் ‘திட்ட மதிப்பீடு’. அது அவ்வளவு ஈசி இல்லை என்பதற்கு, அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாணத்தில் உள்ள கேம்டன் நகரமே சாட்சி.

என்ன திட்டம்?

சில நோயாளிகள் மட்டும் திரும்பத் திரும்ப அட்மிட் ஆவார்கள். சிகிச்சைச் செலவில் பெரும்பங்கு அவர்களுக்கே போகும். அவர்களைத் தேடிப்போய்க் கவனித்தால் என்ன? டாக்டர் ஜெஃப்ரி பிரென்னர் தொடங்கிய ‘கேம்டன் கொயலிஷன்’ அமைப்பு இதைத்தான் செய்தது. டிஸ்சார்ஜ் ஆனவர்களின் வீட்டுக்கே நர்ஸும் சமூகப் பணியாளரும் போனார்கள். மருந்துகளைச் சரிபார்த்தார்கள், டாக்டரிடம் கூடவே சென்றார்கள், அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்க உதவினார்கள்.

2011-ல் ‘நியூயார்க்கர்’ இதழில் டாக்டர் அதுல் கவாண்டே இதைப் பற்றி எழுத, நாடு முழுக்கப் பேச்சானது.

சோதனையில் என்ன தெரிந்தது?

பாராட்டு குவிந்த நேரத்திலும், திட்டத்தைச் சோதித்துப் பார்க்க அந்த அமைப்பு சம்மதித்தது. பொருளாதார நிபுணர் ஏமி ஃபிங்கல்ஸ்டீன் உள்ளிட்டோர் களமிறங்கினர். 2014 முதல் 2017 வரை 800 நோயாளிகளைக் குலுக்கல் போட்டதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் திட்டம். இன்னொரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை.

2020 ஜனவரியில் முடிவு வெளியானது. திட்டத்தில் சேர்ந்தவர்களை மட்டும் பார்த்தால், முந்தைய 6 மாதங்களைவிட அட்மிஷன் 38 சதவிகிதப் புள்ளிகள் குறைந்திருந்தது. சூப்பர்தானே? இங்கேதான் ட்விஸ்ட். திட்டத்தில் சேராதவர்களிடமும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்திருந்தது! 180 நாள்களுக்குள் மீண்டும் அட்மிட் ஆனவர்கள், திட்டப் பிரிவில் 62.3%, மற்றதில் 61.7%. அதாவது, வித்தியாசமே இல்லை.

ஏன் இப்படி?

காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது கஷாயம் குடிக்கிறோம். மறுநாள் காய்ச்சல் இறங்குகிறது. கிரெடிட் கஷாயத்துக்குப் போகிறது. குடிக்காமல் இருந்தாலும் இறங்கியிருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. கேம்டனிலும் இதே கதைதான். நிலைமை மிக மோசமாக இருந்த நேரத்தில் சேர்க்கப்பட்டவர்களில் பலர், எப்படியும் ஓரளவு தேறியிருப்பார்கள். புள்ளியியலில் இதைச் ‘சராசரியை நோக்கித் திரும்புதல்’ என்பார்கள்.

அப்போ திட்டம் வேஸ்ட்டா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நல்ல மதிப்பீடு ஒரே எண்ணோடு நிற்காது. மூன்று கேள்விகளைக் கேட்கும்.

* திட்டமிட்டபடி வேலை நடந்ததா? - கேம்டனில் பல நோயாளிகளைக் குறித்த நாள்களுக்குள் சந்திக்கவே முடியவில்லை.
* எதை அளந்தார்கள்? - மறு அட்மிஷன் குறையவில்லை. ஆனால், அரசின் உணவு உதவி பெற்றவர்கள் திட்டப் பிரிவில் கூடுதலாக இருந்தார்கள்.
* யாரோடு ஒப்பிட்டார்கள்? - இதைக் கேட்காமல் விட்டிருந்தால், 38 என்ற எண்ணை நம்பி இன்னும் பல ஊர்களில் பணத்தைக் கொட்டியிருப்பார்கள். நோயாளிகளோ மீண்டும் மருத்துவமனைக்கே வந்திருப்பார்கள்.

அடுத்த முறை ‘இத்தனை சதவிகிதம் குறைந்தது’ என்ற செய்தியைப் பார்த்தால், ஷேர் பண்ணும் முன் ஒன்றை மட்டும் தேடுங்கள்: திட்டம் கிடைக்காதவர்களுக்கு என்ன ஆனது?