சிட்டிக்கு ரெட் சிப் வேண்டாம்

இன்னைக்கு எந்திரன் பத்திப் பேசப்போறோம். முதல் படம் 2010-ல வந்துச்சு, ‘2.0’ 2018-ல. ரெண்டு படத்தோட க்ளைமாக்ஸையும் சொல்லிடுவேன். பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திட்டு, பார்த்துட்டு வாங்க.

சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல நம்பிக்கைன்னா, எதிர்காலத்துல பிரச்சினையே இருக்காதுன்னு சொல்றது இல்லை. பிரச்சினை எங்கே இருக்குன்னு தெரிஞ்சா, மனுஷங்க சேர்ந்து சரி பண்ணிடலாம்னு நம்பறது. ‘ஸ்டார் ட்ரெக்’ 1966-ல, பனிப்போர் நடுவுல ஆரம்பிச்ச அமெரிக்கத் தொடர். அடுத்த வருஷமே அந்த விண்கப்பல்ல ஒரு ரஷ்யரை உட்கார வச்சாங்க. இத்தனை வருஷம் கழிச்சும் அதைத் தேடிப் பார்க்கிறாங்கன்னா, அந்த மனசும் ஒரு காரணம்.

நம்ம ஊர்ல அதுக்குப் பக்கத்துல வர்றது சிட்டிதான். முதல் படத்தை யோசிச்சுப் பாருங்க. சிட்டி கெட்டவனா பிறக்கலை. போரா ஒரு ரெட் சிப்பை வச்சார், கெட்டுப்போச்சு. வசீகரன் அதை எடுத்தார், பழைய சிட்டி திரும்பி வந்துச்சு. ஹார்டுவேர் அதேதான்! தப்பு மெஷின்ல இல்லை, அதுக்குள்ள நாம என்ன வைக்கிறோம்ங்கறதுல இருக்கு. வசனத்துல பங்கெடுத்த சுஜாதா, பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்காக உழைச்ச இன்ஜினியர். படம் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2008-ல இறந்துட்டார். மெஷின் மேல பயமும் வேண்டாம், பக்தியும் வேண்டாம்ங்கற அவரோட பார்வை படத்துல தெரியுது.

‘2.0’ல என்ன ஆச்சு? பக்‌ஷிராஜன் பறவைகளுக்காகப் போராடினவர். யாரும் காது கொடுக்கலை. அவரை ஜெயிக்க சிட்டிக்கு அதே ரெட் சிப்பைத் திரும்ப மாட்டறாங்க. குட்டி ரோபோக்கள் புறாக்களைப் பணயமா வச்சு மிரட்டுது. முதல் படத்துல நோயா இருந்தது, ரெண்டாவதுல மருந்தாயிடுச்சு. அவர் கேட்டது நியாயம்தான்னு கடைசியில வசீகரன் சொல்றார். ஆனா அது சண்டை முடிஞ்சு, ஆள் போனப்புறம்!

செல்போன் டவர் கதிர்வீச்சுதான் பறவைகளைக் கொல்லுதுங்கறதுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனா நீர்நிலையும் மரமும் போனா பறவை போயிடும்ங்கறது நிஜம். எங்க ஊர் கிளியனூர், திண்டிவனம்-பாண்டிச்சேரி ரோட்டுல. பேர்லயே கிளி இருக்கு. எங்களுக்குக் கிழக்கே, மரக்காணம் பக்கம் கழுவெளி. குளிர்காலத்துல வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கற பெரிய சதுப்புநிலம். 2021-ல தமிழ்நாடு அரசு அதுல 5,000 ஹெக்டேருக்கு மேல பறவைகள் சரணாலயமா அறிவிச்சுது. யாரும் யாரையும் அடிச்சு நொறுக்கலை. சர்வே, கோப்பு, அரசாணைன்னு நகர்ந்த விஷயம். ஆக்கிரமிப்பைத் தடுக்கறது, தண்ணியைக் காப்பாத்தறதுன்னு வேலை இன்னும் பாக்கி இருக்கு. பக்‌ஷிராஜன் கேட்டதும் இந்த மாதிரி ஒரு பதிலைத்தானே?

இது ஏன் முக்கியம்னா, ஏஐ பத்தி நம்ம வீட்ல பேச்சு வந்தா முதல்ல வர்ற பேர் சிட்டி. நம்ம அம்மா, அப்பா, தம்பிக்கெல்லாம் ரோபோன்னா அந்த முகம்தான். அந்தக் கதை, பலம் இருக்கறவன் ஜெயிப்பான்னு சொன்னா, நாமளும் அதையே நம்ப ஆரம்பிச்சுடுவோம்.

மூணாவது படம் வந்தா, சிட்டி ஒரு பக்‌ஷிராஜன் பக்கத்துல உட்கார்ந்து அவர் மனுவைப் படிக்கட்டும். ஒரு செகண்ட்ல புத்தகங்களைப் படிச்சு முடிக்கற ரோபோதானே அது!

நீங்க என்ன நினைக்கறீங்க? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.