காருக்கும் கொப்புளம் வரும்!

கொப்புளம் என்றால் அம்மை வந்தவர் உடம்பில் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, பளபளவென்று கடையை விட்டு வெளியே போன காரின் கதவிலும் ஆறே மாதத்தில் வரும். அப்போது "பெயிண்ட் டூப்ளிகேட்டுங்க" என்பார் மேஸ்திரி. "உன் வேலைதான் சரியில்லை" என்பார் வண்டிக்காரர். இரண்டு பேரும் கத்துவதற்கு முன்னால் ஒரு பிளேடை எடுத்து அந்தக் கொப்புளத்தைக் கீறிப் பார்த்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

பார்க்க வேண்டியது இரண்டு. எந்த அடுக்குக்கு அடியில் பிரிந்திருக்கிறது? உள்ளே என்ன இருக்கிறது?

உள்ளே பழுப்பாகத் துரு இருந்தால் பெயிண்டைத் திட்டிப் பயனில்லை. இரும்பு துருவாகும்போது கன அளவு இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். அதுதான் பெயிண்டைத் தூக்குகிறது. கதவின் கீழ் விளிம்பில் வந்தால் துரு பெரும்பாலும் உள்பக்கத்திலிருந்து வருகிறது. கதவுக்கு அடியில் தண்ணீர் வடியும் துளைகள் சேற்றால் அடைத்திருக்கும். 2024 நவம்பர் 30-ல் கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் எங்கள் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தத் துளைகள்தான்.

குண்டூசித் தலை அளவில், அடித்த அன்றோ மறுநாளோ வந்தால் அது தின்னர் செய்த வேலை. அக்னி நட்சத்திர வெயிலில் கனமாக அடித்தால் மேல்தோல் சீக்கிரம் காய்ந்துவிடும். உள்ளே மாட்டிய தின்னர் ஆவி முட்டிக்கொண்டு வெளியே வரும். இதற்கு மருந்து, மெல்லிய கோட்டாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து நிமிஷமாவது பொறுப்பது.

கீறியதும் தண்ணீர் வந்தால்? இதுதான் சுவாரசியமான கேஸ்!

எங்கள் சீயமங்கலத்துக்காரர் ஒருவரிடம் ஒரு அம்பாஸடர் இருக்கிறது (2014-லேயே உற்பத்தி நின்றுவிட்ட வண்டி, ஆனால் அவருக்கு அது பிள்ளை மாதிரி). செஞ்சியில் பெயிண்ட் அடித்து வந்த அடுத்த மழைக்காலத்திலேயே முன்கதவு முழுக்கக் கொப்புளம். ஊரில் மகேந்திரவர்மன் குடைந்த குடைவரைக் கோயில் 1,400 வருஷமாக நிற்கிறது, என் கதவு ஒரு மழை தாங்கவில்லையே என்று புலம்பினார். மீதிப் பணம் தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

கீறிப் பார்த்தோம். பட்டிக்கும் சர்ஃபேசருக்கும் நடுவில் பிரிந்திருந்தது. உள்ளே ஒரு சொட்டு தெளிந்த நீர். அதை பாட்டரித் தண்ணீரில் கலந்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, சில்வர் நைட்ரேட் சேர்த்தேன். நாம் முதல் வருஷம் லேபில் செய்த அதே குளோரைடு சோதனைதான். வெள்ளையாகத் திரண்டது! கடையில் வாட்டர் பேப்பர் தேய்க்கப் பயன்படுத்தும் போர் தண்ணீருக்கும் அப்படியே திரண்டது. வெறும் பாட்டரித் தண்ணீர் மட்டும் தெளிவாகவே நின்றது.

காரணம் சவ்வூடு பரவல். பெயிண்ட் படலம் பார்ப்பதற்கு இறுக்கமாகத் தெரிந்தாலும் நீராவியை மெல்ல மெல்ல உள்ளே விடும். அடியில் உப்பு இருந்தால் அது தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பு வெளியே போக முடியாது. அழுத்தம் கூடக் கூடப் படலம் உப்பும். போர் தண்ணீர் கதவில் அப்படியே காய்ந்தால் உப்பு தங்கிவிடும். வியர்வைக் கையால் தொட்டாலும் இதே கதிதான். போதாததற்கு பட்டியே பஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும். அதை ஈரத்தில் தேய்க்கவே கூடாது, உலர் பேப்பர்தான் சரி. கம்ப்ரஸர் டாங்கின் அடி வால்வைத் தினமும் திறந்து தண்ணீரை விடாத கடைகளில் காற்றோடு ஈரமும் போய்ச் சேரும்.

மேலே தேய்த்து இன்னொரு கோட் அடித்தால் போதாதா? போதாது. உப்பு அங்கேயேதான் இருக்கும். கொப்புளம் வந்த இடத்தைத் தாண்டி, நன்றாக ஒட்டியிருக்கும் விளிம்பு வரை சுரண்ட வேண்டும். துரு இருந்தால் தகடு வெள்ளையாகத் தெரியும் வரை தேய்க்க வேண்டும். அதன்மேல் எபாக்ஸி பிரைமர், பிறகு பட்டி, பிறகு சர்ஃபேசர். சர்ஃபேசரைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கடைசி அலசல் மழைத் தண்ணீரிலோ பாட்டரித் தண்ணீரிலோ இருக்கட்டும். துடைத்து, ஒரு ராத்திரி காயவிட்டு, அப்புறம் கலர். ஹார்டனர் கலக்கும் பெயிண்ட் என்றால் மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாது தோழர்களே, அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அதற்கென்று உள்ள முகமூடி வேண்டும்.

சோதனைக் குழாயைப் பார்த்த மேஸ்திரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பெயிண்ட் கடைக்காரனோட சண்டைக்குப் போக இருந்தேன் தம்பி" என்றார். கூலி வாங்காமல் கதவை மறுபடி செய்து கொடுத்தார், சாமான் செலவு மட்டும் வண்டிக்காரருடையது. அடுத்த மழை முடிந்து போய்ப் பார்த்தேன். கதவு சுத்தமாக இருந்தது, கீழ் விளிம்பில் மட்டும் ஒன்று புடைத்திருந்தது. கீறினேன்: துரு, உள்ளிருந்து. அதற்குத் தகடு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும்.