நடுவில் வைத்த தட்டு

நான் பிறந்த ஆலத்தியூரில் எனக்கு மூன்று பால்ய நண்பர்கள் உண்டு. ஒருவர் ஆசிரியர், ஒருவர் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர், மூன்றாமவர் சிமெண்டு ஆலையில் உழைத்து அண்மையில் ஓய்வு பெற்றவர். அம்மகிழ்ச்சியைக் கொண்டாட அவர் எங்களைப் புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றார். அங்குப் படிக்கும் அவருடைய மகளே உணவகத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

இத்தாலியரின் பாஸ்தாவும், ஸ்பெயின் நாட்டாரின் தாப்பாஸும் அங்குக் கிடைத்தன. பாஸ்தாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கெட்டிக் கோதுமை ரவையில் செய்வது. நம் சேமியாவுக்குத் தமையன் எனலாம். பல்லில் சற்றே கடிபடும் பதத்தில் இறக்கிவிடுகிறார்கள். 'வேகவில்லை' என்று ஆசிரியர் முகம் சுளித்தார்! 'தாப்பா' என்றால் ஸ்பானிய மொழியில் மூடி என்று பொருள். சிறு தட்டுகளில் வரும் இவ்வுணவை நடுவில் வைத்து அனைவரும் எடுத்து உண்பது அவர்கள் வழக்கம்.

தட்டு வந்தது. விருந்தளித்தவரோ கையை மடியிலேயே வைத்திருந்தார். "எனக்குத் தனியாக ஒன்று சொல்லிவிடுங்கள், சாமி" என்றார். காரணம் கேட்டேன். சிறுவனாய் இருந்தபோது சந்தைக்குப் போகும் வழியில் ஒரு தேநீர்க் கடை. கூரையில் செருகியிருக்கும் குவளையைத் தந்தையார் எடுத்துக் கொடுப்பார். குடித்தபின் இவரே கழுவி மீண்டும் செருகவேண்டும். அன்று முதல் பொதுத் தட்டில் கைவைக்க மனம் கூசுகிறதாம்.

அந்தக் கடை எனக்கும் தெரியும். அங்கே பெஞ்சில் அமர்ந்து தேநீர் அருந்தியவன் நான். அக்குவளையைப் பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை.

சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்க்குத் தனிப்பந்தி வைத்ததால் 1924, 1925 ஆண்டுகளில் தமிழகமே கொதித்தது. உணவுச்சாலையில் யாரையும் சாதி கூறித் தடுக்கலாகாது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம் விதித்தது. 1955-இல் அது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. எங்கள் கடையின் குவளைக்கு இவை எட்டவில்லை. கடைக்காரரை மட்டும் குறைகூற எனக்கு வாயில்லை. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவரும் 1910-இல்தான் இடிக்கப்பட்டது.

மகளுக்கு இக்கதை அதுவரை தெரியாது. அவள் ஒன்றும் பேசவில்லை. தட்டைத் தந்தையின் பக்கம் நகர்த்தினாள். முந்திரித் தோப்புக்காரர், "சீக்கிரம் எடு, ஆறிப்போகிறது" என்று அதட்டினார். நண்பர் ஓர் உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து மென்றார்.

"உப்புப் போதாது" என்றார். அடுத்த தட்டு வருமுன் அதில் பாதியை அவரே தீர்த்துவிட்டார்.